கீழ் வீட்டுச் சூடு

அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில், காமாக்ஷியின் வீட்டு மாடிக்குக் குடிவருகிறவர்கள் ஒரு பரீட்சையில் தேற வேண்டும் என்று அங்குள்ள தமிழர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பேச்சு உண்மைதான். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்து, டிரக்கில் சாமான் வந்து இறங்கிய பிறகு, சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு அவள் வாசலில் நிற்பாள். இந்த வீட்டில் என்ன குறை என்று கேட்பாள். ஒரு குறையாவது சொன்னால்தான் சாவி கைக்கு வரும்.

முன்பொரு முறை பஞ்சாபிக் குடும்பம் ஒன்று வந்தது. அந்த அம்மாள் ஜன்னலில் தொடங்கி சிங்க் வரைக்கும் வந்துவிட்டாள், மூச்சு விடவில்லை. காமாக்ஷி சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்து, அடுத்த வாரமே ஆள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சரி செய்தாள். நம்மவர்கள்தான் இந்தப் பரீட்சையில் திணறுவார்கள். வீட்டைக் குறை சொன்னால் வீட்டுக்காரியைக் குறை சொன்ன மாதிரி என்று நினைத்துக்கொண்டு, நெளிவார்கள், சிரிப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

போன ஆகஸ்டில் வந்த ரஞ்சித்குமார் நெளிந்த நெளிவை அவள் மறக்கவே மாட்டாள். அவன் ஈரோட்டுக்காரன், சாஃப்ட்வேர் வேலை. மனைவி மோகனப்பிரியா பெருந்துறைப் பெண், பக்கத்து டேகேரில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாலு வயது மகள் வெண்பாவும் அதே டேகேருக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். கொங்குப் பக்கத்து மரியாதை பழகியவர்களுக்குத் தெரியும். நம் காலை மிதித்தவனிடமே, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று விசாரிக்கிற மரியாதை அது.

"ஒரு குறையும் இல்லீங்க ஆன்ட்டி. வீடு ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றான் ரஞ்சித்.

"அப்படின்னா சாவி இல்ல."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மனைவியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். கடைசியில், பாத்ரூம் பல்பு கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்றான். சொன்ன வாய் மூடுவதற்குள், அதுவும் கண்ணுக்கு நல்லதுதான் என்று சேர்த்துக்கொண்டான்.

காமாக்ஷி பாதி மார்க் போட்டுச் சாவியைக் கொடுத்தாள். கொடுக்கும்போது வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "வீட்டு விஷயத்துல நான் ஆன்ட்டி இல்ல, ஓனர். ஆன்ட்டிகிட்ட சங்கோஜப்படலாம். ஓனர்கிட்ட படக்கூடாது. எது ரிப்பேர் ஆனாலும் சொல்றது உங்க வேலை, சரி பண்றது என் வேலை. புரியறதா?"

"சரிங்க ஆன்ட்டி" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அன்றே அவளுக்கு அவர்களைப் பிடித்துவிட்டது. ஓனர் என்று சொல்லிக்கொண்டாளே தவிர, சாயங்காலமே மாடிக்கு ரசமும் அப்பளமும் போயின. மறுநாள் அவளே மாடியேறிப் போய், எந்தப் பெட்டி எங்கே என்று அதிகாரம் செய்தாள். பிரியாவின் பெற்றோர் கப்பலில் அனுப்பியிருந்த தேக்கு மர சாமி மண்டபத்தை எங்கே வைப்பது என்று ரஞ்சித் யோசித்துக்கொண்டு நின்றான். காமாக்ஷிக்கு அதில் யோசனையே கிடையாது. ஈசானிய மூலை, வேறெங்கே? ஹாலின் வடகிழக்கு மூலையில், சுவரில் தரையோரமாகப் பெரிய இரும்புச் சல்லடை ஒன்று பதித்திருந்தது. சாமிக்குப் பின்னால் இந்தக் கம்பி எதற்கு என்று, தன் பழைய அரக்குப் பட்டுப் புடவை ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு, மண்டபத்தை அதோடு ஒட்டி நகர்த்த வைத்தாள். முருகன் படத்துக்கு முதல் விளக்கையும் அவள்தான் ஏற்றினாள். மூலையே நிறைந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள்.

இந்தக் குறை கேட்கிற பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. தொண்ணூறுகளில், கல்யாணமாகி மாம்பலத்திலிருந்து கணவர் வைத்தியநாதனோடு அமெரிக்கா வந்தபோது, ஜெர்சி சிட்டியில் சுந்தரராமன் மாமாவின் வீட்டு மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். மாமா இவர்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்தவர். முதல் குளிர்கால கோட்டுகளை வாங்கிக் கொடுத்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் காரில் கோவிலுக்குக் கூட்டிப் போனவர். இரண்டாவது குளிர்காலத்தில் வீட்டுக்குச் சூடு தரும் பாய்லர் படுத்துவிட்டது. கையைச் சுட வேண்டிய ரேடியேட்டர்கள் ஐஸ் கட்டியாகக் கிடந்தன. மாமாவிடம் சொன்னால் பார்க்கலாம் என்றார். மறுபடி சொல்ல வைத்தியநாதனுக்கு வாய் வரவில்லை. நமக்கு இவ்வளவு செய்த மனுஷனிடம் போய் இதைக் கேட்பதா என்றார். சமையலறை ஓவனைப் பற்றவைத்துக் கதவைத் திறந்து வைத்து, அதன் எதிரே பாய் விரித்து, கைக்குழந்தை ஸ்ரீநிவாஸை மடியில் போட்டுக்கொண்டு காமாக்ஷி உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு இளைப்பு வந்தது.

பார்த்த டாக்டர் அம்மாள், வீட்டுக்குள் எவ்வளவு சூடு இருக்கிறது என்று கேட்டாள். காமாக்ஷி குழந்தையின் போர்வையை இழுத்து மூடினாள். குளிர்காலத்தில் குடியிருப்பவர்களுக்குச் சூடு கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை, அவர் உங்களுக்குக் காட்டும் தயவு இல்லை, சிட்டி ஹாலில் போய்ச் சொல் என்று அந்த அம்மாள் எடுத்துச் சொன்னாள். காமாக்ஷி யாரிடமும் கேட்கவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். தெர்மாமீட்டரோடு ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, கோட்டைக் கழற்றாமலே வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த வாரமே பாய்லர் ஓடியது.

ரேடியேட்டர் சூடானது, மனிதர்கள் குளிர்ந்து போனார்கள். சுந்தரராமன் மாமா அப்புறம் அவர்களோடு பேசவில்லை. கோவில் பிரசாத வரிசையில் மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றி கெட்டவள் என்று நாலு பேர் காதுபடவே சொன்னார்கள். வைத்தியநாதனும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இளைப்பு நின்று குழந்தை சிரித்து விளையாடின ஒரு நாள், நீ போனது நல்லதுதான் என்று மட்டும் சொன்னார். அவருக்கு அதுவே பெரிய பேச்சு.

எடிசனில் மேலும் கீழுமாக இரண்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தைச் சொந்தமாக வாங்கியபோது காமாக்ஷி தனக்குத்தானே ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டாள். என் கூரைக்குக் கீழே யாரும் குளிரில் நடுங்கக் கூடாது, அதைச் சொல்லத் தயங்கவும் கூடாது. சொன்னபடியே நடந்தாள். மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும், சூடு காற்று அனுப்பத் தனித்தனி ஃபர்னஸ். ஒவ்வொரு செப்டம்பரும், குளிர் வருவதற்கு முன்னால், ஆள் வைத்து இரண்டையும் பார்த்துவிடுவாள். ஆஸ்பத்திரி பில்லிங் செக்‌ஷனில் வேலை பார்த்த காலத்தில் அதற்கென்றே லீவு போட்டவள். வைத்தியநாதன் காலமான வருஷத்தில்கூட அது தவறவில்லை.

போன செப்டம்பரில்தான் தவறியது. முட்டி மாற்று ஆபரேஷன் செய்துகொண்டு அவள் படுத்திருந்தாள். டெக்சாஸில், சுகர் லேண்டில் இருக்கும் ஸ்ரீநிவாஸ் வந்து கூட இருந்து பார்த்துக்கொண்டான். மாத்திரை, பிசியோதெரபி, வாக்கர் என்று மாதங்கள் ஓடின. ஃபர்னஸ் ஞாபகம் வந்தபோது அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிறதே, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பொங்கல் கழிந்த மறுநாள் சாயங்காலம் கீழ் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மாடிக்காரர்கள் மூவரும் நின்றார்கள்.

"சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தோங்க ஆன்ட்டி" என்றாள் பிரியா. வெளிக்கதவுக்குள்ளேயே இருக்கும் படிக்கட்டில் இறங்கி வர மூன்று பேரும் கோட், குல்லா, சாக்ஸ் என்று மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மாடியிலிருந்து இறங்கி வரத்தான் இத்தனையா, அலாஸ்காவிலிருந்து வருகிறீர்களா என்று காமாக்ஷி கேலி செய்தாள். ரஞ்சித் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும். சாயங்காலம் டேகேரிலிருந்து வந்ததும் இறங்கிவிடுவார்கள், படுக்கப் போகிற நேரத்துக்குத்தான் ஏறுவார்கள். வெண்பா சோபாவில் குட்டிக்கரணம் போடும், பாதி நாள் அங்கேயே தூங்கிவிடும். பிரியா சமையலறைக்குள் புகுந்து வெங்காயம் நறுக்குவாள். ரஞ்சித் காமாக்ஷியின் டிவி ரிமோட்டைச் சரி செய்தான், போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தான். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை விளக்கேற்ற அவள் மாடிக்குப் போவாள். இப்போது அதற்கும் விடவில்லை. "உங்க முட்டிக்கு ஆகாதுங்க ஆன்ட்டி, நீங்க ஏற வேண்டாம், நாங்களே வர்றோம்" என்றாள் பிரியா. தன் முட்டியைப் பற்றி இவ்வளவு கவலைப்பட ஓர் ஆள் இருக்கிறதே என்று காமாக்ஷி உருகிப்போனாள்.

அவள் வீட்டு வாசற்கதவின் பக்கத்தில் வரிசையாகக் கொக்கிகள் உண்டு. சில வருஷங்களாக அதில் அவளுடைய ஒற்றைக் கோட்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது நான்கு தொங்கின. வெண்பாவின் ரோஸ் நிறக் கோட் கீழே விழுந்துகொண்டே இருக்கும், அவள் எடுத்து மாட்டிக்கொண்டே இருப்பாள். இரண்டு டம்ளர் அரிசி நனைத்த இடத்தில் நாலு டம்ளர் நனைத்தாள். போனில் ஸ்ரீநிவாஸிடம், மேலே இருக்கிறவர்கள் என்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று பெருமை அடித்துக்கொண்டாள். அவன், டெனன்ட்ஸ்தானே அம்மா, ரொம்ப அட்டாச் ஆகாதே என்றான். பொறாமை என்று அவள் முடிவு கட்டினாள்.

தைப்பூசத்துக்கு முந்தின நாள், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டு முடித்து, பிரியா குழந்தைக்குக் கோட் மாட்டிவிடப் போனாள். வெண்பா சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. அம்மா தமிழில் கெஞ்ச, அது வழக்கம்போல் இங்கிலீஷில் அழுதது. மேலே இருப்பது கோல்ட் ஹவுஸாம், இதுதான் வார்ம் ஹவுஸாம். வார்ம் ஹவுஸிலேயே தூங்குவேன் என்றது.

பிரியாவின் கை அப்படியே நின்றது. ரஞ்சித், குழந்தை ஏதோ கார்ட்டூன் பார்த்துவிட்டுச் சொல்கிறது என்றான். அவனுக்குப் பொய் சொல்லக்கூட ஒழுங்காக வராது.

காமாக்ஷி எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறினாள். வேண்டாங்க ஆன்ட்டி, வேண்டாங்க ஆன்ட்டி என்று பின்னாலேயே அவர்கள் வந்தார்கள். பாதிப் படியிலேயே குளிர் அவள் கணுக்காலைத் தொட்டது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். மூச்சு புகையாகத் தெரிந்தது. சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் ஃபாரன்ஹீட்டில் அறுபத்தெட்டு காட்ட வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்பது காட்டியது. படுக்கையறையில் மூன்று மெத்தைகளையும் ஒன்றாக இழுத்துப் போட்டு, நடுவே ஒரு சின்ன ஸ்பேஸ் ஹீட்டர் வைத்திருந்தார்கள். ஹாலின் மூலையில் சாமி மண்டபம் சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றது. அரக்குப் புடவை மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. இரும்புச் சல்லடை பல்லைக் காட்டிக்கொண்டு தெரிந்தது.

என்றைக்கு நின்றது என்று கேட்டாள். பொங்கலன்றே நின்றுவிட்டது என்றான் ரஞ்சித். தானே ஃபில்டரை மாற்றிப் பார்த்தான், வீடியோக்கள் பார்த்து என்னென்னவோ செய்தான், ஓடவில்லை. தன் செலவில் ரிப்பேர் பண்ணிவிடலாம் என்று ஒரு கம்பெனியைக் கூப்பிட்டான். வாடகை வீடு என்று தெரிந்ததும், ஓனர் சொன்னால்தான் தொடுவோம் என்று அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

"ஓனர் கீழதானே உக்காந்திருக்கேன்? தினமும் என் கையால சாப்பிட்டேளே, ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?" அவள் குரல் உயர்ந்துவிட்டது. வெண்பா அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்தது.

ரஞ்சித் சாமி மண்டபத்தைப் பார்த்தான், புடவையைப் பார்த்தான். பிரியாதான் பேசினாள். "அந்தச் சல்லடை வழியாத்தான் மிஷின் காத்து எடுத்துக்கும்ங்களாம் ஆன்ட்டி. அதை அடைச்சதுலதான் சூடேறி வீணாப் போயிருக்கும்னு இவரு சொன்னாரு. சாமியை அங்க வெச்சது நீங்க. உங்க புடவையை உங்க கையாலயே கட்டி, விளக்கும் ஏத்திக் குடுத்தீங்க. அதனாலதான் கெட்டுப்போச்சுன்னு உங்ககிட்டயே எப்படிங்க வந்து சொல்றது?"

காமாக்ஷி மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். கோபப்பட அவளிடம் இனி ஒன்றும் இல்லை. திறந்த ஓவனுக்கு முன்னால் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காமாக்ஷிதான் அவள் கண்முன்னே வந்தாள். எவ்வளவு செய்த மனுஷன், எப்படிக் கேட்பது என்று சொன்ன வைத்தியநாதன் வந்தார். இத்தனை வருஷம் கழித்து, ரசமும் அப்பளமும் கொடுத்துக் கொடுத்து, அவளே சுந்தரராமன் மாமாவாகிவிட்டாள். அவருக்குத் தெரிந்திருந்தது, தனக்குத் தெரியாது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். அந்தக் கோட்டுகளும் குல்லாக்களும் தினமும் வந்து தன் கொக்கியிலேயே தொங்கவில்லையா? கேலி பண்ணிச் சிரித்தாளே தவிர, ஏன் என்று கேட்டாளா? வந்தவர்கள் தனக்காக வருகிறார்கள் என்று நம்புவது சுகமாக இருந்தது, அதனால் கேட்கவில்லை. தன்னிடம் தானே அதை ஒப்புக்கொண்டபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்க அது நேரமில்லை என்றும் தெரிந்தது.

அதற்கப்புறம் அவள் செய்ததைத்தான் எடிசனில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று மெத்தைகளையும் கீழே இறக்க வைத்தாள். தன் படுக்கையறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, புது முட்டியோடு சோபாவில் படுத்தாள். காலையில் முதல் வேலையாக சர்வீஸ் கம்பெனியைக் கூப்பிட்டு, நான்தான் ஓனர், வீட்டில் நாலு வயதுக் குழந்தை இருக்கிறது, இன்றைக்கே வரவேண்டும் என்று அவர்கள் ஒத்துக்கொள்கிற வரைக்கும் போனை வைக்கவில்லை. வந்த ஆள் திறந்து பார்த்து, காற்றைத் தள்ளும் மோட்டார் எரிந்துவிட்டது என்றார். வயதான மோட்டார்தான், ஆனால் வழியை அடைத்ததும் ஒரு காரணம், செப்டம்பரில் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும் என்றும் சொன்னார். புது மோட்டார் வர இரண்டொரு நாள் ஆகும்.

அவர் போனதும் ரஞ்சித் தயங்கித் தயங்கி வந்து நின்றான். குடியிருப்பவர்களால் ஆன சேதத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு என்று லீஸில் இருக்கிறது, மண்டபம் எங்களுடையது, பாதியையாவது நாங்கள் கொடுக்கிறோம் என்றான். மனசாரத்தான் சொன்னான்.

"வீடு என்னோடது. மிஷின் என்னோடது. வருஷா வருஷம் பாக்க வேண்டியது நான், பாக்கல. சாமியை அங்க வைக்கச் சொன்னதும் நான்" என்றாள் காமாக்ஷி. "இதுல உன் பங்கு எங்க இருக்கு? உன் பேர்ல ஒரே ஒரு தப்புதான். சொல்லல. அதுக்குக் காசு வாங்கி நான் என்ன பண்ணறது?"

மோட்டார் மாட்டிய அன்று அவள் மறுபடி மாடி ஏறினாள். எந்த வீட்டிலும் அடுப்பு எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்காமல் காப்பி குடிக்காதவள் அவள். அவளே முருகன் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, மண்டபத்தை மேற்குச் சுவருக்கு நகர்த்தச் சொன்னாள். பிரியா பதறிப்போய், ஈசானிய மூலையை விட்டு எடுக்கலாமா என்று கேட்டாள். அங்கே இருந்துகொண்டு குழந்தையைக் குளிரில் போட்டால் சாமிக்கே பிடிக்காது என்று காமாக்ஷி சொல்லிவிட்டாள். அரக்குப் புடவையைத் தன்னோடு எடுத்துக்கொண்டாள். சல்லடை மேல் கையை வைத்து, காற்று உள்ளே இழுக்கிறதா என்று தானே பார்த்த பிறகுதான் இறங்கினாள். சாயங்காலத்துக்குள் தெர்மோஸ்டாட் அறுபத்தெட்டைத் தொட்டது. மெத்தைகள் மேலே போயின. ரோஸ் நிறக் கோட்டும் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் யாரும் வரவில்லை.

அவள் எதிர்பார்த்ததுதான். சூடு வந்துவிட்டது, இனி எதற்கு இறங்கி வர வேண்டும்? வேலை முடிந்து களைத்து வருகிறவர்கள் தங்கள் வீட்டில் கால் நீட்டிப் படுக்க வேண்டாமா? எல்லா நியாயமும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் பழக்க தோஷத்தில் நாலு டம்ளர் அரிசி நனைத்திருந்தாள். இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு மீதி மாவைப் பெரிய பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தாள். அடுத்த நாளும் யாரும் வரவில்லை. மேலே சின்னக் காலடிகள் இங்குமங்கும் ஓடும் சத்தம் கேட்டது. குழந்தை மெத்தையைவிட்டு இறங்கி வெறுங்காலோடு ஓடுகிறது என்று அந்தச் சத்தத்திலேயே தெரிந்தது. அதைக் கேட்கத்தானே இத்தனையும் செய்தோம் என்று சொல்லிக்கொண்டாள். மனசு கேட்கவில்லை. வாசல் கொக்கியில் தன் ஒற்றைக் கோட்டைப் பார்க்கிற போதெல்லாம், அவர்கள் வந்தது எனக்காக இல்லை, என் ஃபர்னஸுக்காக என்று ஒரு வலி வந்தது.

கிண்ணத்தில் பாயசத்தை ஊற்றி எடுத்துக்கொண்டு மேலே போனால் என்ன என்று ஒரு முறை தோன்றியது. கிண்ணத்தைக்கூட எடுத்துவிட்டாள். அப்புறம் திரும்ப வைத்துவிட்டாள். ஊட்டி ஊட்டித்தானே அவர்கள் வாயை அடைத்தோம், மறுபடியும் அதே வேலையா என்று தன்னையே அதட்டினாள். தனிமைக்கு மருந்தாகக் குடித்தனக்காரர்களை வைத்துக்கொள்கிறவள் நல்ல ஓனர் இல்லை என்று நினைத்தாள். அப்படி நினைக்கவும், நினைத்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் எத்தனை பேரால் முடியும்? அவளால் முடிந்தது. சனிக்கிழமை காலை வழக்கம்போல் விடிவதற்கு முன்னால் எழுந்து, தனக்கு ஒருத்திக்கு மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கதவு தட்டப்பட்டது.

திறந்தாள். ரஞ்சித் ஒரு பழைய பனியனும் லுங்கியுமாக நின்றான். பிரியா நைட்டியில் இருந்தாள். வெண்பா கை இல்லாத கவுன் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூவரின் முகத்திலும் பயம் இருந்தது. சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டு வந்தவர்கள் முகம் அது.

"ஓனருங்க" என்று ஆரம்பித்தாள் பிரியா. அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வருவது அதுவே முதல் தடவை. "ஒரு குறை சொல்லலாங்களா?"

காமாக்ஷி சொல் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மேலே என்ன நின்றுவிட்டதோ என்று மாடிப்படியை எட்டிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை காலையில நீங்க இருட்டோட எந்திரிச்சு மிக்ஸி போடறீங்க. மேல வரைக்கும் கேக்குதுங்க. எங்களுக்கு அந்த ஒரு நாள்தாங்க தூங்கக் கிடைக்குது. கொஞ்சம் பொறுத்துப் போட்டீங்கன்னா நல்லாருக்குங்க." சொல்லி முடித்து மூச்சு விட்டாள். ரஞ்சித் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

காமாக்ஷிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. இத்தனை வருஷத்தில் அவள் சாவி கொடுத்த எந்தத் தமிழ்க் குடும்பமும் அவள் முகத்துக்கு நேரே வந்து அவளையே குறை சொன்னதில்லை. எட்டு மணிக்கு மேல் போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டாள். பரீட்சையில் பாக்கி இருந்த பாதி மார்க்கையும் அங்கேயே போட்டுவிட்டாள்.

குறையைச் சொன்ன பிறகும் அவர்கள் திரும்பிப் போகவில்லை. வெண்பா அவள் காலுக்கடியில் புகுந்து ஓடிப்போய் சோபாவில் ஏறிக் குட்டிக்கரணம் போட்டது. மாவு இருக்குங்களா ஆன்ட்டி, நான் ஊத்தறேன் என்று கேட்டுக்கொண்டே பிரியா சமையலறைக்குள் போனாள். ரஞ்சித் ரிமோட்டைத் தேடினான்.

காமாக்ஷி கதவைச் சாத்திவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். கொக்கியில் அவளுடைய கோட் மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் நாலு தட்டு எடுத்து வைக்க உள்ளே போனாள்.